அடைப்புக்குறிக்கு வெளியே ஒரு வரி

என் அக்காவிடம் மணி கேட்டால்கூட நேராகப் பதில் வராது. "கடிகாரத்துல நாலு காட்டுது. அது சரியா ஓடுதான்னு நான் பார்க்கல" என்பாள். கல்யாணமான புதிதில் அத்தான் இதை அடக்கம் என்று நினைத்து மயங்கியிருக்கிறார். அது அடக்கமில்லை, தொழில் வியாதி என்று புரிவதற்குள் இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டன.

அக்கா வேலை பார்ப்பது போர்க்கடிதக் காப்பகத்தில். பழைய போரில் சண்டைக்குப் போனவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைக் குடும்பத்தார் அங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். அவற்றைப் படித்து, தெளிவாகத் தட்டச்சு செய்து, ஒரு நகலைக் குடும்பத்துக்குக் கொடுப்பதும் ஒன்றைக் காப்பகத்தில் வைப்பதும் அக்காவுடைய பிரிவின் வேலை. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு, குளிரில் விறைத்த விரலால் ஒருவன் கிறுக்கியதை, அதன் பிறகு எத்தனையோ பேர் மடித்துப் பிரித்து மடித்துப் பிரித்து நைந்துபோனதை, எடுத்துப் படித்துப் பார்த்தால் தெரியும் சேதி.

அங்கே ஒரே ஒரு சட்டம். தாளில் இருப்பதை அப்படியே எழுத வேண்டும். தெரியாத இடத்தில் இன்னதாக இருக்கலாம் என்று ஊகித்தால் அதைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். மற்றவர்கள் 'அன்புள்ள' என்பதில் பாதி தெரிந்தாலே மீதியைத் தாங்களே சேர்த்துவிடுவார்கள். அக்கா தெரிந்த பாதியையும் சேர்த்துச் சிறை வைப்பாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு 'அடைப்புக்குறி' என்றே பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் கோபம் கிடையாது, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சின்ன வயதிலேயே அவள் அப்படித்தான். யார் கையெழுத்தையும் ஒருமுறை பார்த்தால் அச்சாக எழுதிவிடுவாள். என் மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுக் கொடு என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறேன். "அப்பா போட்டாதான் அது அப்பா கையெழுத்து. நான் போட்டா படம்" என்றாள். அன்று எனக்கு விழுந்த அடிக்கு அவள்தான் பொறுப்பு என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கைதான் அவளுக்கு வேலையில் உதவியது. பூதக்கண்ணாடியும் கணினியும் கைவிரித்த பிறகு அக்கா ஒன்று செய்வாள். அந்த ஆள் எழுதிய நல்ல கடிதங்களை எதிரில் வைத்துக்கொண்டு, அவன் எழுத்திலேயே எழுதிப் பழகுவாள். எங்கே அழுத்துகிறான், எங்கே பேனாவைத் தூக்குகிறான், வரி முடிகிற இடத்தில் சோர்ந்து கீழே சரிகிறானா, எல்லாம் கைக்கு வந்துவிடும். பிறகு அழிந்த இடத்தின் மேல் மெல்லிய தாளைப் போட்டு, மிச்சம் தெரிகிற கீற்றுகளைத் தொட்டபடி கையை அதன் போக்கில் விடுவாள். ஒரு கொக்கியும் ஒரு வாலும் தெரிந்தால் போதும், நடுவில் இருந்த எழுத்தைக் கை போட்டுவிடும். "கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும்டி" என்பாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துப் பிழைக்கிற என்னிடம் பேசுகிற பேச்சா இது?

இதில் ஒரு தொல்லை உண்டு. பழகின கை உடனே விட்டுப் போகாது. ஒருநாள் அத்தான் வேலை முடிந்து வந்தால் சமையலறைக் கதவில் ஒரு சீட்டு. 'துணி காய்கிறது. மழை வந்தால் எடுக்கவும்.' முரட்டு ஆண்பிள்ளைக் கையெழுத்து. வீட்டுக்குள் எவனோ வந்து போயிருக்கிறான் என்று மனுஷன் அறை அறையாகத் தேடி, கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்திருக்கிறார். அதற்குள் மழை வந்து துணியெல்லாம் நனைந்தது. அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரன் போரிலேயே செத்துப்போனவன் என்று அக்கா சொன்னபோது அத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது. சளி பிடித்த மாதிரிதான் இது, நாலைந்து நாளில் தானாகப் போய்விடும் என்பாள் அக்கா. போய்க்கொண்டும் இருந்தது, தையற்காரர் வரும்வரை.

அவர் எழுபதைத் தாண்டியவர். அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே காப்பகத்துக்கு வந்துவிட்டவர். அவர் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே அப்பா சண்டைக்குப் போய்விட்டார், திரும்பி வரவில்லை. அப்பாவின் கடிதங்களை ஒரு தகரப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். எல்லாம் மைப்பேனாவில் எழுதியவை. கடைசிக் கடிதம் மட்டும் தபாலில் வரவில்லை. செத்தவரின் சட்டைப் பையிலிருந்து எடுத்து, மற்ற சாமான்களோடு அனுப்பியிருக்கிறார்கள்.

அதன் மேல்பாதி தெளிவாக இருந்தது. மழை, புதுக் காலணி கடிக்கிறது, பக்கத்துப் படுக்கைக்காரன் குறட்டை. அதற்குப் பிறகு, 'நீ எழுதியிருந்த விஷயம் கிடைத்தது. அதைப் பற்றி' என்று ஒரு வரி. அதோடு சரி. கீழ்ப்பாதி முழுக்கப் பழுப்பாக நீர்க்கறை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாம்மா தெரியணும்" என்றார் தையற்காரர். "நான் பொறந்தது எங்க அப்பாவுக்குத் தெரியுமா? விஷயம்னா என்ன விஷயம்? வீட்டு வரி கட்டுனதா, இல்ல நானா?"

"தாள் எப்படிங்க நனைஞ்சுது?" என்று அக்கா கேட்டாள்.

அதுவரை சாதுவாக இருந்த முகம் இறுகிப்போனதாம். "எங்க அம்மா ஜன்னல்ல வெச்சு மழையில நனைய விட்டுட்டாங்க. கேட்டா, அங்க எழுத்தே இல்ல, பாதியிலயே நிறுத்திட்டாருன்னு சாதிப்பாங்க. அதெப்படி நிறுத்துவாரு? என் தம்பியோட கடைசி வார்த்தையக் கழுவி ஊத்திட்டாளேன்னு எங்க அத்தை சாகற வரைக்கும் அம்மாவ ஏசினாங்க." பிறகு, "நானும்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

மை அழிந்தாலும் அது ஊறின தடத்தைக் காட்டுகிற விளக்கு ஒன்று தலைநகரத்து ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அங்கே நம் முறை வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று அக்கா கையைப் பழக்க ஆரம்பித்தாள். கறைக்குள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மெல்லிய கீற்றுகள் தெரிந்தன. எழுத்தின் எச்சமாக இருக்கலாம் என்றாள். 'இருக்கலாம்' என்பதை நன்றாக அழுத்தித்தான் சொன்னாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து என் கடைக்கு வந்தவளுக்கு டீ கொடுத்தேன். ஆள்காட்டி விரலை விறைப்பாகத் தூக்கிக்கொண்டு, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் கோப்பையைப் பிடித்தாள்.

"என்னக்கா, மகாராணி மாதிரி விரலத் தூக்கிட்டுக் குடிக்கிற?"

"நாலாவது கடிதத்துலேர்ந்து அந்தாள் கை மாறுது. அழுத்தம் வேற மாதிரி விழுது. ரெண்டு விரல்லதான் பேனாவப் பிடிச்சிருக்கான். ஆள்காட்டி விரல் ஒண்ணு இருக்காது, இல்ல உதவாம போயிருக்கும். வீட்டுக்கு மட்டும் நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு எழுதுறான்."

"அவன் விரல் சரி. உன் விரலுக்கு என்ன வந்துது?"

"எறங்க மாட்டேங்குதுடி."

விளையாட்டாக அதைப் பிடித்து மடக்கினேன். சில்லென்று இருந்தது. மற்ற விரல்கள் டீக்கோப்பையின் சூட்டில் இருந்தன, இது மட்டும் குழாய்த் தண்ணீரில் வைத்து எடுத்த மாதிரி. மடங்கியது, ஆனால் விட்டதும் மெதுவாக எழுந்துகொண்டது. சுளுக்கு, நரம்பு என்று டாக்டரிடம் இழுத்துப் போனேன். ஒன்றுமில்லை என்று சொல்வதற்கும் அவர் காசு வாங்கிக்கொண்டார்.

அக்காவின் புதுக் கண்ணாடி தயாரானதும், அதைக் கொடுக்க ஒரு மத்தியானம் காப்பகத்துக்குப் போனேன். அவள் அறை தரைக்குக் கீழே இருக்கிறது. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று மூலையில் முனகிக்கொண்டே இருக்கும். சுவரின் உச்சியில் தெருமட்டத்துக்கு ஒரு சிறு ஜன்னல். அதில் நடந்து போகிறவர்களின் கால் மட்டும்தான் தெரியும். அக்கா காகிதத்தில் குனிந்திருந்தாள். எதிரே தையற்காரர் உட்கார்ந்து ஒரு கையுறையை மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவோட சாமான்ல இருந்துதும்மா. பாருங்க, வலது கையில ஆள்காட்டி விரல உள்ள மடிச்சு, வாயைச் சேர்த்துத் தச்சிருக்கு. எங்கேயோ கைராசி இல்லாதவன் தச்ச தையல்னு இத்தனை நாளும் நெனச்சிருந்தேன். உங்க விரலப் பார்த்ததும்தான் உறைச்சுது."

 அக்கா கறையின் மேல் மெல்லிய தாளைப் போட்டிருந்தாள். பேனா தாளைத் தொட்டிருந்தது. வழக்கமாக அவள் இந்த வேலையை ஆமை வேகத்தில் செய்வாள். ஒரு வளைவு, ஒரு யோசனை, மறுபடி ஒரு வளைவு. அன்று பேனா கிளம்பியது, நிற்கவே இல்லை. அவசரக் கடிதம் எழுதுகிறவன் எழுதுவதுபோலக் கிறீச் கிறீச்சென்று வரி நீண்டது. அக்காவின் கண் காகிதத்தில் இல்லை. எங்கே பார்க்கிறாள் என்று நானும் தலையைத் தூக்கினேன். உச்சி ஜன்னலில், போய்க்கொண்டிருந்த கால்களுக்கு நடுவே, ஒரு ஜோடி காலணி மட்டும் எங்கள் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தது. சேறு காய்ந்த, கணுக்காலுக்கு மேலே கட்டுகிற காலணி. வெளியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. யாரோ விலாசம் தேடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். பேனா நின்றதும் அது நகர்ந்து போய்விட்டது.

காகிதத்தில் இருந்தது இதுதான்: 'தொட்டிலை ஜன்னல் பக்கம் போடு. ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.'

தையற்காரர் தலைகீழாகவே அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு கையுறையை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "தெரிஞ்சிருக்கு. அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்காமல் இல்லை. 'அன்புள்ள' என்பதில் பாதியைச் சிறை வைக்கிற என் அக்கா அந்த வரிக்கு அடைப்புக்குறி போடவில்லை. அவள் தன் கையையே யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு தையற்காரரைக் கையில் பிடிக்க முடியவில்லை. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் அந்த வரியைச் சொன்னாராம். அக்காவுக்கு ஒரு மேல்கோட்டு தைத்து அனுப்பினார், கூலி பேசினால் கோபம் வரும் என்ற செய்தியோடு. அளவே எடுக்காமல் அவ்வளவு கச்சிதமாகத் தைத்திருந்தார்.

அப்புறம்தான் தலைநகரத்திலிருந்து படங்கள் வந்தன. மேல்பாதி எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. கீழ்ப்பாதியில் மை ஊறின தடமே இல்லை. பேனாமுனை கீறின தடம்கூட இல்லை. தண்ணீர் காய்ந்த ரேகைகளைத்தான் எல்லோரும் கீற்று என்று நினைத்திருக்கிறார்கள். அந்தப் பாதி தாளில் யாரும் எப்போதும் எதுவும் எழுதவில்லை.

அக்கா அன்று நேராக என் கடைக்கு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"இல்லாததப் படிச்சுட்டேன்டி. ஒரு மனுஷனுக்கு இல்லாத அப்பாவக் கொடுத்துட்டேன்."

"கொடுத்தா கொடுத்துட்டுப் போ. அவர் நிம்மதியா இருக்காரு. சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காத."

"அது அவங்க அப்பா சொன்னதுன்னு நம்பிட்டிருக்காரு."

"உன் கை தானா எழுதுச்சுங்கிற. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ராப்பகலா செத்தவங்க எழுத்தையே பார்த்துட்டிருந்தா மூளை தானா ரெண்டு வரி எழுதத்தான் செய்யும்."

"அப்ப அதத்தான் நான் போய்ச் சொல்லணும்" என்றாள். விரல் அப்போதும் தூக்கியபடிதான் இருந்தது.

பிடித்தால் உடும்புப்பிடி அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரைப் பார்க்கக் கிளம்பினாள். கிழவர் மயக்கம் போட்டு விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே என்று நானும் போனேன்.

முன்னால் கடை, பின்னால் வீடு. எங்களைக் கண்டதும் அவர் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே கூட்டிப்போனார். அந்த அறையில் ஒரு சுவர் முழுக்கத் துணிச்சுருள்கள் அடுக்கியிருந்தன. அதற்குப் பின்னால், இடுக்கு வழியே, பலகை அடித்து மூடிய ஒரு ஜன்னல் தெரிந்தது.

"எங்க அம்மா செத்த வாரமே ஆணி அடிச்சு மூடிட்டேன். அதப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்" என்றார், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு.

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஐயா, கீழ்ப்பாதியில எழுத்தே இல்ல. நாங்க எழுத்துன்னு நெனச்சது தண்ணி காய்ஞ்ச ரேகை. அந்த வரிய உங்க அப்பா அந்தத் தாள்ல எழுதல. என் கை எழுதுச்சு. எப்படின்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. உங்கள ஏமாத்தணும்னு செய்யல. என்ன மன்னிச்சிடுங்க."

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். தையற்காரக் கண் அல்லவா, ஓரத்திலிருந்து ஓரம்வரை இழை இழையாகப் பார்த்தார்.

"எழுத்தே இல்லையா?"

"இல்லீங்க."

"மழை எதையும் அழிக்கலையா?"

"அழிக்கிறதுக்கு அங்க ஒண்ணும் இல்லீங்க."

அவர் படத்தைக் கீழே இறக்கினார். நான் பிடித்துக்கொள்ளத் தயாராகக் கிட்டே போனேன். அவர் விழவில்லை. துணிச்சுருள்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப அம்மா சொன்னது நெசம்" என்றார்.

 பிறகு சொல்ல ஆரம்பித்தார், எங்களைப் பார்த்து இல்லை, பலகையைப் பார்த்து.

"அம்மா அதை மறந்துபோய் ஜன்னல்ல வெக்கல. தெனமும் வெச்சாங்க. வெத்துப் பாதி மேல தெரியற மாதிரி. பக்கத்துல மைப்புட்டி, ஒரு பேனா. மை காய்ஞ்சா புதுசா ஊத்தி வெப்பாங்க. ஏம்மான்னு கேட்டா, பாதியில எழுந்து போயிருக்காரு, மீதிய எழுத வருவாருன்னு சொல்லுவாங்க. தெருவே சிரிச்சுது. பைத்தியம்னாங்க. பள்ளிக்கூடத்துல என்னப் பைத்தியக்காரி மகன்னுதான் கூப்பிடுவாங்க. அந்த வெக்கத்துல இத உங்ககிட்ட சொல்லாம மென்னு முழுங்கிட்டேன். நனைஞ்ச அப்புறம் அத்தை தாளைப் புடுங்கிப் பெட்டியில வெச்சுட்டாங்க. அம்மா சாகற வரைக்கும் பேனாவ மட்டும் வெச்சிட்டிருந்தாங்க."

எழுந்து துணிச்சுருள்களை ஒவ்வொன்றாக இறக்கினார். ஜன்னலுக்குக் கீழே பலகைத் தரையில் இரண்டு வளைந்த தடங்கள், ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளமாகத் தேய்ந்திருந்தன. தரையில் வைத்து ஆட்டுகிற தொட்டில் உரசின தடம்.

"என் தொட்டில் இங்கதாம்மா கெடந்துச்சு. யார் சொல்லியும் அம்மா நகர்த்தல. இத நான் உங்ககிட்ட எப்பவாவது சொன்னேனா?"

"இல்ல" என்றாள் அக்கா.

 மூளை, ராப்பகல், ரெண்டு வரி என்று கடையில் நான் பேசிய பேச்செல்லாம் எங்கேயோ ஓடிப்போய்விட்டது.

தையற்காரர் இடுக்கியை எடுத்து ஆணிகளைப் பிடுங்கினார். துருப்பிடித்த ஆணி ஒவ்வொன்றும் வரும்போது கத்தியது. அக்கா பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் கதவைத் தள்ளியதும் சாயங்கால வெளிச்சம் தரைத்தடத்தில் விழுந்தது. வெளியே ஒரு சந்து. ஜன்னல் கட்டையில் மைப்புட்டி வைத்த வட்டம், வட்டத்தின் மேல் வட்டமாகக் கறுத்துக் கிடந்தது.

அப்போது சந்தில் யாரோ நடந்து போகிற சத்தம் கேட்டது. கனமான காலணி. ஜன்னலுக்கு மிகக் கிட்டேயிருந்து கிளம்பி, அவசரமில்லாமல் தூரப் போனது. நான் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன், எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காததைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. இது அக்காவிடம் பழகின புத்தி.

அக்கா தன் கையை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் மற்ற விரல்களோடு சேர்ந்து மடங்கியிருந்தது.

"எறங்கிடுச்சு" என்றாள். இருக்கலாம் என்று சேர்க்கவில்லை.

தையற்காரருக்கு அது காதில் விழவில்லை. மை வட்டங்களின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பிறகு, பக்கத்து அறையில் இருக்கிறவரிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, மீதி வந்துடுச்சும்மா."